மாநிலத்தின் பெயர், சென்னையின் கிரிக்கெட்



தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் உறுப்பு அமைப்பு. ரஞ்சிக் கோப்பைக்கான மாநில அணியையும் இளையோர் அணிகளையும் தேர்ந்தெடுப்பதும், சேப்பாக்கம் மைதானத்தில் சர்வதேச ஆட்டங்களை நடத்துவதும் அதன் வேலை. 1930களில் மெட்ராஸ் கிரிக்கெட் சங்கமாகத் தொடங்கி, பின்னாளில் மாநிலத்தின் பெயரை ஏற்றது. பெயர் மாறியதே தவிர, அமைப்பு பெரும்பாலும் நகரத்துடையதாகவே இருக்கிறது. சென்னை லீக் கிளப்புகளும் மாவட்டச் சங்கங்களும் சேர்ந்துதான் உறுப்பினர்கள் என்றாலும், எண்ணிக்கையில் கிளப்புகளின் கையே ஓங்கியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி 26 லட்சம் பேர் வாழும் கடலூர் மாவட்டத்தின் குரல் அங்கே எவ்வளவு கேட்கும்?

மாநில அணிக்கான பாதை சென்னை லீக் வழியாகத்தான் செல்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் த. நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேயே வீசியவர். சென்னைக்கு வந்து, நான்காம் டிவிஷனில் தொடங்கி, விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று ஏறிய பிறகே 2015இல் ரஞ்சி ஆட்டம் கிடைத்தது. 2021இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். அவருடைய உழைப்பு பெரிது. ஆனால் அது சங்கத்தின் மாவட்டப் பணிக்குச் சான்று ஆகாது. சென்னையில் அறை எடுத்துத் தங்க வழியில்லாத பையன்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அந்த ஜாலி ரோவர்ஸைப் பேணி வளர்த்த சன்மார் குழுமத்தின் பி.வி.சி. ஆலை எங்கள் கடலூர் மாவட்டத்துச் செம்மங்குப்பத்தில், சிப்காட் வளாகத்தில் இருக்கிறது. ஆலைக்கு இங்கே இடம் இருந்தது; தரமான ஆடுகளத்துக்கும் இருக்கும்.

பக்கத்துப் புதுச்சேரியைப் பார்த்தால் வேறுபாடு உறைக்கும். கடலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மக்கள்தொகை கடலூர் மாவட்டத்தில் பாதிகூட இல்லை. ஆயினும் 2018-19 முதல் அதற்கென்று ரஞ்சி அணி உண்டு, துத்திப்பட்டில் மைதானமும் உண்டு. யூனியன் பிரதேசம் என்பதால் கிடைத்த வாய்ப்பு அது என்பது சரியே. கடலூருக்குத் தனி ரஞ்சி அணி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் சங்கமே 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) போட்டியிலாவது இடம் இருந்திருக்க வேண்டாமா? சென்னை அணியை விட்டால் திண்டுக்கல், நெல்லை, சேலம், கோவை, மதுரை, திருச்சி, திருப்பூர் என எல்லாம் மேற்கும் தெற்கும் நடுவும்தான். விழுப்புரம் தொடங்கி நாகப்பட்டினம் வரையிலான கடலோரத்தின் பெயரில் ஓர் அணி இல்லை. ஓர் ஆட்டமும் இந்தப் பக்கம் நடந்ததில்லை.

சங்கம் தனியார் அமைப்பு, அதைக் கேட்க உரிமை இல்லை என்ற வாதம் நிற்காது. கிரிக்கெட் வாரியம் பொதுப்பணி ஆற்றுகிறது, அதன் செயலை உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கிலும், மீண்டும் 2015இலும் சொன்னது. உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் சீர்திருத்தங்களும் அந்த அடிப்படையில் வந்தவை. சேப்பாக்கம் மைதானம் இருப்பதே அரசு குத்தகைக்கு விட்ட நிலத்தில். மாநிலம் முழுவதற்கும் சொந்தமான நிலத்தில் வருமானம் ஈட்டும் சங்கம் மாநிலம் முழுவதற்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

மாவட்டவாரியாக எவ்வளவு செலவிடப்படுகிறது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மேட் விரித்து ஆடிப் பழகியவன் தேர்வு நாளில் முதன்முதலாகப் புல் ஆடுகளத்தில் நின்று தடுமாறுவது அவன் குற்றமல்ல. ஆகவே கடலூரிலோ சிதம்பரத்திலோ பராமரிப்பாளரோடு கூடிய ஒரு டர்ஃப் ஆடுகளம் வேண்டும். இளையோர் தேர்வின் முதல் சுற்று, மாநிலத் தேர்வாளர் முன்னிலையில், மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். பெண்களுக்கும் அதே இடத்தில், அதே நாளில்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்மங்குப்பம், கடலூர் மாவட்டம்.