ஒரு சொட்டு எண்ணெயும் ஓர் ஆபீஸ் காப்பியும்

நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சில் 'த்ராஸ்' என்றால் காலடித் தடம். துளியளவு என்றும் பொருள் உண்டு. கச்சா எண்ணெயில் உள்ள உலோகங்களுக்கு இரண்டுமே பொருந்தும்.

வனேடியம், நிக்கல் இரண்டும் கச்சா எண்ணெயில் மிகச் சிறிய அளவில் இருக்கின்றன. பெரும்பாலும் பத்து லட்சம் பங்கில் சில பங்குதான். வெனிசுவேலாவின் கனமான எண்ணெயில் வனேடியம் சில நூறு பங்குக்கு மேலும் போகும். இவை எண்ணெய்க்குள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்பதை 1934-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் கண்டு சொன்னார். பச்சையத்தின் நடுவே மக்னீசியம் இருக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் மடிந்த பாசிகளின் பச்சையம் சிதைந்து, மக்னீசியம் போன இடத்தில் வனேடியமோ நிக்கலோ வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த இரண்டின் விகிதம் ஊருக்கு ஊர், கிணற்றுக்குக் கிணறு மாறும். எண்ணெய் கடலில் கொட்டினால் லேசான பகுதி ஆவியாகிவிடும். இந்த உலோகங்கள் கனமான கசடோடு தங்கிவிடும். அதனால்தான் கரை ஒதுங்கிய எண்ணெய் யாருடையது என்று தேடுகிறவர்கள், மற்றச் சோதனைகளோடு இந்த விகிதத்தையும் பார்க்கிறார்கள்.

ஆய்வகத்தில் எண்ணெயைக் கரைப்பானில் கலந்து, ஆறாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஆர்கான் பிழம்பில் தெளிப்பார்கள். ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய ஒளியை வீசும். அந்த ஒளியின் அளவே கணக்கு. இயந்திரம் பொய் சொல்லாது. ஆனால் அதன் முன்னால் வைக்கும் புட்டி பொய் சொல்லலாம். அடியில் தங்கிய கசடைக் கலக்காமல் மேலாக ஊற்றினால் கணக்குக் குறையும். எவர்சில்வர் கரண்டியால் எடுத்தால், அதிலுள்ள நிக்கலும் சேர்ந்து கணக்கு ஏறலாம். எண்ணெயே சேர்க்காத வெறும் கரைப்பானையும் முதலில் சோதித்துக்கொள்வது இதனால்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போனதைப் பார்த்தோம். அப்படிப்பட்ட நாளில் மாதிரி எடுப்பவர் யார், எந்தப் புட்டியில், யார் முன்னிலையில் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. விலை உயர்ந்த இயந்திரம் அதற்குப் பிறகுதான்.

ஆபீஸ் காப்பி இல்லாமல் எந்தக் கடிதமும் எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போனதில்லை. எண்ணெய் மாதிரிக்கும் அதே முறை வேண்டும் என்பது என் கருத்து. ஒரே நேரத்தில் மூன்று கண்ணாடிப் புட்டிகள் நிரப்பி, சாட்சிகள் கையெழுத்தோடு முத்திரை வைக்க வேண்டும். ஒன்று அரசுக்கு, ஒன்று சம்பந்தப்பட்ட ஆலைக்கு, ஒன்று மீனவர் கிராமத்துக்கு.

பல கோடி ஆண்டுகள் அழியாமல் இருந்த தடம் அது. ஒரு கழுவாத புட்டியில் அழிந்துபோக விடலாமா?