படிக்காட்டித் தச்சுவேலையா?

“படிக்காட்டித் தச்சுவேலைக்குத்தான் போவாய்” எண்டு சொல்லித்தான் எங்களை வளர்த்தவை. அந்த வேலைக்குப் படிப்பு வேண்டாமோ?

அடிப்பக்கம் 4 அங்குலம், நுனி 3 அங்குலமாகச் சிறுக்கிற சதுர மரத்தூண் ஒன்றை எடுங்கோ. முனையை நேராக அறுக்க வேணும். சரிந்த விளிம்பில் மூலைமட்டத்தை வைச்சு நாலு பக்கமும் கோடு கீறினால், கடைசிக் கோடு முதற்கோட்டோடு சேராது. அப்படியே அறுத்தால் தூண் சரிஞ்சுதான் நிற்கும். அதனால் தச்சர் விளிம்பை நம்புவதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நடுக்கோடு கீறி, அதுக்குச் செங்குத்தாக அடையாளமிடுகிறார். மெசினில் அறுக்கிறதெண்டால், நுனிக்குக் கீழேயும் பக்கத்திலும் அரை அங்குலக் கட்டை வைச்சு நடுக்கோட்டை நேராக்குகிறார்.

இது கேத்திரகணிதம். சோதனைத்தாளில் எழுதினால் புள்ளி குடுக்கிறம். மரத்தில் செய்தால் கூலியைக் குறைக்கப் பேரம் பேசுறம். உழைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற கலைப்பீடத்து நாங்கள், அந்த வசனத்தை முதலில் எங்கட வீட்டிலேயே மறுத்துச் சொல்லுவம்.