கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஆவணியிலேயே பட்டியல்!

கேள்வி: ‘‘எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. தென்னை, ஏத்தன் வாழை, கொஞ்சம் மரச்சீனி, வீட்டைச் சுற்றி ஆறு நாட்டுக்கோழிகள். கிறிஸ்துமஸ் அன்று மதியம் உறவினர், அக்கம்பக்கத்தார் என்று 40 பேர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். மாமனார் காலத்து வழக்கம் என்பதால் விட முடியாது. போன வருஷம் கறி, கோழி, காய்கறி எல்லாமே கடையில் வாங்கியதில் நகையை அடகு வைக்க வேண்டியதாகிவிட்டது. இந்த வருஷம் தோட்டத்தில் விளைவதை வைத்தே விருந்து போட முடியுமா? இப்போது எதைத் தொடங்க வேண்டும்?’’

- வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்.

பதில்: முடியும். ஆனால், டிசம்பரில் உட்கார்ந்து எழுதும் பட்டியலால் முடியாது. ஆவணி பிறந்த கையோடு கணக்குப் போட்டால், டிசம்பர் 25-ம் தேதிக்குச் சுமார் 130 நாட்கள் இருக்கின்றன. எந்தப் பொருள் இந்த 130 நாட்களுக்குள் தயாராகுமோ, அதுதான் இந்த ஆண்டு விருந்து. தயாராகாததை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். ‘என்ன சமைக்கலாம்’ என்று முடிவு செய்துவிட்டுப் பொருள் தேடுவதால்தான் கடன் வருகிறது.

முதலில் கறி. விருந்துச் செலவில் பெரும்பங்கு ஆட்டுக்கறிக்கே போகும். 40 பேருக்கும் ஆட்டுக்கறி பிரியாணி என்பதை மாற்றி, மதியம் நாட்டுக்கோழி பிரியாணி, காலையில் வீட்டாருக்கு மட்டும் ஆப்பமும் ஆட்டுக்கறியும் என்று வைத்துக்கொண்டால் பாரம் பாதியாகக் குறையும். 40 பேருக்கு 5 கிலோ அரிசியும் 6 கிலோ கறியும் போதும். ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாத 8 கோழிகளில் அந்தக் கறி கிடைத்துவிடும்.

இனிமேல் வீட்டுக் கோழியை அடை வைத்தால், 21 நாட்கள் கழித்துப் பொரியும் குஞ்சுக்கு டிசம்பரில் நூறு நாள் வயதுதான் ஆகியிருக்கும். நாட்டுக்கோழி அந்த வயதில் ஒரு கிலோவைத் தொடுவது கடினம். எனவே, ஒரு மாத வயதுக் குஞ்சுகள் 20 வாங்குவது நல்லது. கிறிஸ்துமஸின்போது அவற்றுக்கு ஐந்து மாதம் தாண்டியிருக்கும். வாங்கும்போதே வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் சொட்டு மருந்து கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும். எட்டாவது வார வாக்கில் போட வேண்டிய தடுப்பூசியை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் போட்டுவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கோழிகள் அதிகம் சாகும். தரை ஈரமாகாமல், மழைச்சாரல் அடிக்காமல் கூண்டு இருந்தாலே பாதி நோய் வராது.

மேய்ச்சல், சமையலறைக் கழிவு, கரையான், குருணை ஆகியவற்றிலேயே பெரும்பாலும் வளர்ந்துவிடும். கடைசி மூன்று வாரம் மட்டும் மாலையில் உடைத்த மக்காச்சோளம் கூடுதலாகக் கொடுத்தால் சதை பிடிக்கும். நோய்க்கு ஏதாவது மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் கழித்துக் கறிக்கு எடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்காமல் அறுக்கக் கூடாது.

20 குஞ்சுகளில் நான்கு தவறினாலும் 16 மிஞ்சும். 8 விருந்துக்கு. மீதி 8 கோழிகளைக் கிறிஸ்துமஸ் வாரத்தில் விற்கலாம். நாட்டுக்கோழியைத் தேடி வந்து வாங்கும் வாரம் அது. அந்தப் பணம்தான் கடையில் வாங்கியே ஆக வேண்டிய பொருட்களுக்கான ரொக்கம். இதை முன்கூட்டியே நாலு வீட்டில் சொல்லி வைப்பது முக்கியம். கடைசி நாளில் வியாபாரியிடம் கொடுத்தால், அவர் சொன்னதுதான் விலை.

காலை ஆப்பத்துக்கு 3 கிலோ ஆட்டுக்கறி போதும். இதற்கு அண்டை வீடுகள் மூன்று சேர்ந்து பங்கு ஆடு வளர்ப்பது நல்ல வழி. இப்போது 12 கிலோ எடையுள்ள கிடா ஒன்றை வாங்கினால், நல்ல மேய்ச்சலில் டிசம்பருக்குள் 19, 20 கிலோ வரும். உயிர் எடையில் ஏறக்குறைய பாதி கறியாகத் தேறும். மூன்று வீட்டுக்கும் தலா 3 கிலோ. யார் மேய்ப்பது, குடல், தலை யாருக்கு என்பதை ஆடு வாங்கும் அன்றே பேசி முடித்துவிட வேண்டும்.

அடுத்து வாழை. பழத்துக்கும் பாயசத்துக்கும் ஏத்தன் இருக்கிறது. குலை தள்ளி ஏறக்குறைய 90 முதல் 100 நாட்களில் ஏத்தன் வெட்டுக்கு வரும். ஆகவே, செப்டம்பர் 10 முதல் 20-ம் தேதிக்குள் குலை தள்ளும் வாழைகளில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, துணி கட்டி அடையாளம் வைக்க வேண்டும். அவை வியாபாரிக்கு இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காற்றுக்கு முன்பே முட்டுக் கொடுத்துவிட வேண்டும். டிசம்பர் 19, 20-ல் வெட்டிப் பழுக்க வைத்தால் பண்டிகைக்குச் சரியாக இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் மட்டி வாழை இருந்தால், ஒரு ஏத்தன் குலைக்குப் பதில் ஒரு மட்டிக் குலை மாற்றிக்கொள்ளலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிப் பழம், வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கேக்கைவிடப் பெரிய விருந்து.

தென்னையில் 60 தேங்காயை விற்காமல் ஒதுக்க வேண்டும். ஸ்டூ, பாயசம், எரிசேரிக்கு 15 காய். மீதியைக் கொப்பரையாக்கினால் சுமார் 4 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். இதில் காலம் தவறக் கூடாது. கொப்பரையைச் செப்டம்பர் வெயிலிலேயே காய வைத்து ஆட்டிவிட வேண்டும். ஐப்பசி மழையில் சிக்கினால் பூஞ்சணம் பிடித்து எண்ணெய் காறிவிடும்.

அரிசியைப் பொறுத்தவரை, கன்னிப்பூவில் அறுவடையாகும் நெல்லில் ஒரு பகுதியைப் பச்சரிசியாக அரைத்து வைத்தால் ஆப்பத்துக்கும் அச்சு முறுக்குக்கும் ஆகும். சொந்த வயல் இல்லை என்றாலும், அறுவடைக் களத்தில் நெல்லாக வாங்குவது லாபம். பிரியாணிக்குப் புது அரிசி குழையும் என்பதால், பழைய சீரகச் சம்பா 5 கிலோவைக் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

காய்கறிக்கு நாள் கணக்கு இது.

ஆவணி முதல் வாரம்: மஞ்சள் பூசணி நான்கு குழி. புரட்டாசிக் கடைசியில் பூத்துக் காய் பிடிக்கும். காய்க்கு அடியில் வைக்கோல் வைத்தால் மழை ஈரத்தில் அழுகாது. முற்றிய காயைப் பறித்துப் பரணில் வைத்தால் கிறிஸ்துமஸ் வரை கெடாது.

அக்டோபர் நடுவில்: பயறு. மேட்டுப்பாத்தியில் விதைத்துப் பந்தலில் ஏற்ற வேண்டும். 55, 60 நாளில் காய் கிடைக்கும். புதினாத் தண்டையும் அப்போதே நட்டுவிடலாம்.

நவம்பர் முதல் வாரம்: வெள்ளரி. 50 நாளில் தயிர்ப் பச்சடிக்குப் பிஞ்சு தயார்.

நவம்பர் 15: கொத்தமல்லி. நேரடி மழை படாத இறவாரத்தில் பையில் விதைத்தால் 40 நாளில் தழை.

தக்காளியை மட்டும் நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் செடி அழுகும், சந்தையிலும் விலை ஏறும். பிரியாணிக்குத் தயிரைக் கூட்டி, தக்காளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

மாசி, பங்குனியில் நட்ட மரச்சீனி டிசம்பரில் பறிப்புக்குச் சரியாக இருக்கும். விருந்துக்கு முந்தைய இரவு வந்து சேரும் உறவினர்களுக்கு மரச்சீனியும் மீன் குழம்புமே போதும். தனியாக ஒரு கறிச் சமையல் தேவையில்லை.

ஆக, பட்டியல் இப்படி அமையும். 24 இரவு: மரச்சீனி, மீன் குழம்பு. 25 காலை: ஆப்பம், ஆட்டுக்கறி ஸ்டூ. மதியம்: நாட்டுக்கோழி பிரியாணி, வெள்ளரித் தயிர்ப் பச்சடி, ஏத்தன் பழப் பாயசம். சைவம் சாப்பிடும் அக்கம்பக்கத்தாருக்குச் சோறு, பூசணி-பயறு எரிசேரி, அப்பளம். அவர்களுக்கான பாத்திரமும் கரண்டியும் தனியாக இருக்கட்டும். பலகாரம்: முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு. இரண்டையும் 20-ம் தேதிவாக்கில் செய்து காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம்.

கடையில் வாங்க வேண்டியவை: சீரகச் சம்பா, சிறுபயறு, சர்க்கரை, வெல்லம், நெய், சின்ன வெங்காயம், மசாலாப் பொருட்கள், மீன். இவற்றில் கெடாதவற்றை மாதம் ஒன்றாக வாங்கினால் டிசம்பரில் கை கடிக்காது.

சமைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கோழிக்கு அறுப்பதற்கு முந்தைய 8 முதல் 12 மணி நேரம் தீனி நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். 24 மாலையில் அறுத்துச் சுத்தம் செய்து, குளிர்ப்பெட்டியிலோ ஐஸ்கட்டியிலோ இரவு முழுவதும் வைத்தால் கறி மிருதுவாகும். தயிருடன் சிறிது பச்சைப் பப்பாளி அரைத்துப் பூசலாம். ஐந்து மாத நாட்டுக்கோழி, பிராய்லர் மாதிரி அரிசியோடு சேர்ந்து வேகாது. கறியை முக்கால் பதம் தனியாக வேக வைத்த பிறகே தம் போட வேண்டும்.

கேள்வி: ‘‘கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஒரு நாள் வயது வான்கோழிக் குஞ்சுகள் 50 வாங்கப் பணம் புரட்டி வைத்திருக்கிறேன். இப்போது வாங்கலாமா?’’

- வாசகர், தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: இந்த ஆண்டுக்கு வேண்டாம். புறக்கடை வளர்ப்பில் வான்கோழி நல்ல எடைக்கு வர ஆறு, ஏழு மாதம் ஆகும். இப்போது வாங்கினால் டிசம்பரில் நான்கு மாதக் குஞ்சுதான் இருக்கும். அடுத்த கிறிஸ்துமஸுக்கு என்றால், மே மாதத்தில் குஞ்சு கையில் இருக்க வேண்டும்.

வான்கோழிக் குஞ்சு தானாகத் தீனி பொறுக்கத் தாமதமாகும். பட்டினியிலேயே பல குஞ்சுகள் செத்துவிடும். முதல் 15 நாள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பாலும், 10 குஞ்சுக்கு ஒரு வேக வைத்த முட்டையும் கொடுத்துப் பழக்க வேண்டும். நாட்டுக்கோழிகளோடு ஒரே இடத்தில் வளர்க்கக் கூடாது. கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத கருந்தலை நோய், வான்கோழியைக் கொன்றுவிடும்.

அதைவிட முக்கியம், வாங்குபவர் யார் என்பது. நம் கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பண்டிகைக்கு ஆடும் கோழியும்தான் வழக்கம். வான்கோழி கேட்பவை பெரும்பாலும் நகரத்து ஓட்டல்களும் சில வீடுகளும்தான். முன்பணத்தோடு சொல்லி வைக்கும் ஆட்கள் கிடைத்த பிறகே குஞ்சு எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். பண்டிகையை மட்டும் நம்பும் பறவைப் பண்ணைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2014 நவம்பரில் கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வளர்ந்துகொண்டிருந்த வாத்துகளை ஆயிரக்கணக்கில் அழிக்க வேண்டியதாயிற்று. முதல் ஆண்டு 10 குஞ்சுகளோடு பழகிவிட்டு, புரட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே இப்போதைக்கு நல்லது.