சிக்னல் பல்ப் மாற்றப் போகிறீர்களா?



2009இல் யுத்தம் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் நம்மில் பலருக்குத் துவிச்சக்கர வண்டி ஒன்றே வாகனமாக இருந்தது. இன்று ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும் தாய்மாரையும், ஓட்டோ ஓட்டிக் குடும்பத்தைக் கொண்டு செல்லும் சகோதரிகளையும் பல கிராமங்களிலும் காண்கிறோம். குழுக் கூட்டங்களில் கடன், சேமிப்பு எல்லாம் பேசி முடிந்ததும் பேச்சு வாகனத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. அண்மைக் காலமாக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி, "அக்கா, சிக்னலுக்கு எல்.ஈ.டி பல்ப் போடலாமோ?" என்பதாகும்.

போடலாம். ஆனால் எதைப் போடுவது, போட்டபின் எதைக் கவனிப்பது என்பவற்றைத் தெரிந்துகொண்டு போடவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி ஓட்டோவில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர். பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்து வலப்பக்கமாக உள்வீதிக்குத் திரும்பும்போது, பின்னால் முந்திவந்த மோட்டார் சைக்கிள் அவருடைய வண்டியில் மோதியது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வண்டி ஒன்பது நாள் கராஜில் நின்றது. லீசிங் பணம் பிந்தியது. கூடிநின்றவர்கள், "பொம்பிளையள் ஓடினால் இப்பிடித்தான்" என்றார்கள். "நான் சிக்னல் போட்டனான் அக்கா, முன்னுக்கு அம்புக்குறி மின்னினது" என்று அவர் அழுதார். அவர் சொன்னது உண்மை. அம்புக்குறி மின்னியது, பின்விளக்கும் மின்னியது. ஆனால் அந்த மதிய வெயிலில் அது பின்னால் வந்தவரின் கண்ணுக்குத் தெரியவில்லை. சில நாட்களுக்கு முன்னர்தான், "நல்ல வெளிச்சம்" என்று ஒரு கடையில் கொடுத்த வெள்ளை எல்.ஈ.டி பல்பை அவர் பூட்டியிருந்தார்.

நிறம் ஏன் முக்கியம்?

சிக்னல் விளக்கு செம்மஞ்சள் நிறமாக ஒளிரவேண்டும். பழைய இழை பல்பின் ஒளியில் செம்மஞ்சளும் சிவப்பும் தாராளமாக உண்டு. அதனால் செம்மஞ்சள் மூடிக்குள் அது நன்றாக ஒளிரும். வெள்ளை எல்.ஈ.டி அப்படியல்ல. நீல ஒளியின் மீது மஞ்சள் பூச்சு இட்டே அந்த வெண்மையைப் பெறுகிறார்கள். மூடி அந்த நீலத்தைத் தடுத்துவிட, மிஞ்சுவது மங்கல் வெளிச்சமே. ஆகவே மூடி செம்மஞ்சளானாலும் சரி, நிறமற்றதானாலும் சரி, செம்மஞ்சள் எல்.ஈ.டியையே கேளுங்கள். சிவப்பு பிரேக் விளக்கோடு குழம்பும். நீலம் வேண்டவே வேண்டாம்.

கடைக்குப் போகும்போது

பழைய பல்பைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அதன் அடியில் 12 வோல்ட் 10 வாட்ஸ், 12 வோல்ட் 21 வாட்ஸ் என்று எழுதியிருக்கும். அடியில் ஒரு தொடுபுள்ளியா, இரண்டா என்று பாருங்கள். இரண்டு உள்ளது பெரும்பாலும் பிரேக்கும் பின்விளக்கும் சேர்ந்த பல்ப். பக்கத்திலுள்ள சிறு முளைகள் நேரெதிராக உள்ளனவா, சற்று விலகி உள்ளனவா என்றும் பாருங்கள். பொருந்தாததை அழுத்தித் திருகினால் ஹோல்டர் உடையும்.

அடுத்து, எல்.ஈ.டி புள்ளிகள் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். நுனியில் மட்டும் இருந்தால் நேர் பின்னால் நிற்பவருக்கே அது பிரகாசமாகத் தெரியும். விளக்கின் உள்ளே இருக்கும் பளபளப்பான கிண்ணம், பக்கவாட்டில் வரும் ஒளியை வாங்கிப் பரப்புவதற்காகச் செய்யப்பட்டது. சுற்றிவரப் புள்ளிகள் உள்ள பல்பே அதற்குப் பொருந்தும்.

பற்றரி மிச்சமாகும் என்பதற்காக மட்டும் மாற்றவேண்டாம். சிக்னல் சில செக்கன்களே எரிவதால் மிச்சம் சொற்பம். நல்ல எல்.ஈ.டி நீண்டகாலம் உழைக்கும், குலுக்கலில் இழை அறுந்துபோகும் தொல்லை இல்லை, போட்டவுடன் முழுப் பிரகாசத்துடன் எரியும் என்பனவே உண்மையான நன்மைகள்.

வேகமாக மின்னினால்

எல்.ஈ.டி போட்டதும் சிக்னல் படபடவென்று மின்னுகிறது என்று பலர் சொல்வதுண்டு. பல வண்டிகளில் பிளாஷர் ரிலே, செல்லும் மின்னோட்டத்தைப் பார்த்தே வேலை செய்கிறது. மின்னோட்டம் குறைந்தால், ஒரு பல்ப் எரிந்துபோயிற்று என்று அது எண்ணி வேகமாக மின்னி எச்சரிக்கிறது. சில பழைய ரிலேக்கள் மின்னாமலே நின்றுவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வயரில் ஒரு தடையியை இணைப்பது. 21 வாட்ஸ் பல்புக்குப் பதிலாகப் போடும் 6 ஓம் தடையி, எரியும் நேரத்தில் 24 வாட்ஸ் அளவு வெப்பத்தை வெளிவிடும். அது சிறிய சோல்டரிங் அயனின் வெப்பத்துக்குச் சமம். பிளாஸ்டிக்கிலோ வயர்க் கட்டிலோ பட்டால் உருகும். மற்றது, எல்.ஈ.டிக்கென்றே வரும் இலத்திரனியல் ரிலேயைப் போடுவது. ரிலே கழற்றி மாட்டக்கூடிய வண்டிகளுக்கு இதுவே மேலானது. ஆனால் இதைப் போட்டபின், பல்ப் பழுதானாலும் வேகமாக மின்னி எச்சரிக்காது என்பதை மனதிற் கொள்ளுங்கள்.

சில மோட்டார் சைக்கிள்களில் இரு பக்கத்துக்கும் ஒரே அறிகுறி விளக்குத்தான் இருக்கும். அவற்றில் எல்.ஈ.டி போட்டால், ஒரு பக்கம் போட நான்கும் சேர்ந்து மின்னக்கூடும். மெக்கானிக்கிடம் சொல்லி டயோட் போட்டுச் சீர்செய்யலாம்.

ஷெல் வெடித்ததில் செவிப்புலன் குறைந்த சகோதரிகள் நம்மிடையே உள்ளனர். வேறு சிலர் "டிக் டிக்" சத்தத்தைக் கேட்டே சிக்னலை நிறுத்தப் பழகியவர்கள். இலத்திரனியல் ரிலே பெரும்பாலும் சத்தமிடாது. சத்தம் தேவைப்படுபவர்கள் பஸர் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கேட்க இயலாதவர்கள், முன்னாலுள்ள அறிகுறி விளக்கு பகலிலும் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். நிறுத்த மறந்த சிக்னலும் விபத்தையே தரும்.

இருக்கையை விட்டு இறங்கிப் பாருங்கள்

அம்புக்குறி மின்னுவது உங்களுக்கு, சிக்னல் மற்றவர்களுக்கு. ஆகவே முதலில் ஒரு சோடி மட்டும் வாங்கி ஒரு பக்கத்துக்குப் போடுங்கள். உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தி, 30 மீற்றர் தள்ளி நின்று, மறுபக்கத்துப் பழைய பல்போடு ஒப்பிடுங்கள். நேர் பின்னாலும், இரு பக்கமாகச் சரிந்து நின்றும், மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண் உயரத்திலும் பாருங்கள். பழையதைவிட மங்கலாக இருந்தால், என்ன விலை கொடுத்திருந்தாலும் கழற்றிவிடுங்கள். பின்னர் அரை நிமிடம் எண்ணுங்கள். 30 முதல் 60 தடவை மின்னினால் சரி.

கடையில் "உங்களுக்கு இதெல்லாம் விளங்காது அக்கா" என்றால் தயங்கவேண்டாம். "செம்மஞ்சள், சுற்றிவரப் புள்ளி, இதே அடி" என்று பழைய பல்பைக் காட்டிக் கேளுங்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு வண்டியில் வருபவர்கள் பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள். இருவர் இருவராக, ஒருவர் சிக்னல் போட மற்றவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்லலாம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.