துணுக்கிலும் தமிழ் வாழட்டும்!

கணிப்பொறிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலைகளை வைத்துக்கொண்டு இயங்கும் பொறி அது. அவ்வாறிருக்க, நிரலெழுதும் கலை ஆங்கிலம் கற்றார்க்கே உரியது என்னும் பொய் நம் இளைஞர் நெஞ்சில் வேரூன்றியது எவ்வாறு? அப்பொய்யை விதைத்தவர் எவராயினும் ஆகுக. நீரூற்றி வளர்ப்போர் நம்மவரே!

நிரலெழுதுவார்க்கென அமைந்த தொகுப்பிகளில் துணுக்குச் செருகி என்றொரு துணைக்கருவி உண்டு. அடிக்கடி வரும் நிரற்பகுதியை ஒவ்வொரு முறையும் முழுதாய்த் தட்டச்சிட வேண்டுவதில்லை. அதற்கென வைத்த குறுஞ்சொல்லை அடித்துத் தத்தல் விசையை அழுத்தினால், முழுப்பகுதியும் வந்து அமரும். நிரப்ப வேண்டிய இடங்கள் வெற்றிடங்களாய் நிற்கும். மீண்டும் மீண்டும் விசையை அழுத்தினால் இடங்காட்டி ஒவ்வொன்றுக்கும் தாவிச் செல்லும். குறுக்கத்தை விரித்தெழுதும் இவ்வசதி, 1976-இல் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சுத் தொழில்நுட்ப நிறுவனத்திற் பிறந்த ஈமாக்சு தொகுப்பியிலும் உண்டு. 2015-இல் வெளிவந்து, இன்று உலகெங்கும் விலையின்றிப் பயன்படும் விசுவல் சுடுடியோ கோடு தொகுப்பியிலும் உண்டு.

பின்னதில் ஒரு துணுக்கைச் சேர்ப்பது மிக எளிது. ஒரு சிறு கோப்பில் மூன்று உறுப்புகளை எழுதவேண்டும். முதலாவது, அழைக்கும் குறுஞ்சொல். இரண்டாவது, வந்து அமரும் நிரலுடல். மூன்றாவது, அஃது இன்னது என விளக்கும் குறிப்பு. நிரலுடலில் வெற்றிடங்களை 1, 2 என எண்ணிட்டும், இடங்காட்டி இறுதியில் நிற்குமிடத்தை 0 என எண்ணிட்டும் காட்டினாற் போதும்.

இம்மூன்றனுள் நிரலுடல் ஒன்றே நிரல்மொழியின் ஆணைக்குக் கட்டுப்பட்டது. அழைப்புச் சொல்லும் விளக்கக் குறிப்பும் முற்றிலும் நம் உரிமை! அவற்றைத் தமிழில் எழுதாதே என்று எந்தப் பொறியும் தடுக்கவில்லை. எந்த வெளிநாட்டானும் தடுக்கவில்லை. நிரலுடலுக்குள்ளேயும் மாறிகளின் பெயரைத் தமிழில் வைக்கலாம். பைத்தன் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008-இலேயே அதற்கு வழிதிறந்து விட்டது. திறந்து கிடக்கும் வாயிலுக்குள் நுழையாமல், வெளியே நின்று கதவைக் குறைகூறுவது எவ்வகை அறிவு?

ஆயினும், ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் ஒன்றை ஒட்டவைத்தால் பணி முடிந்ததெனக் கருதற்க. ஆங்கிலம் கட்டுரைக்கும் சொல்லை முன்வைத்து, நிலைப்பாட்டைப் பின்வைக்கும். தமிழோ, ‘மழை பெய்தால்’ என நிலைப்பாட்டைக் கூறிவிட்டே ‘ஆல்’ என்னும் ஈற்றை வைக்கும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழி இந்நெறியைப் போற்றுகின்றது. அதில் நிலைப்பாடு முன்னும், ‘ஆனால்’, ‘வரை’ என்னும் சொற்கள் பின்னும் வருகின்றன. துணுக்கு எழுதுவோரும் இத்தெளிவைக் கைக்கொள்ளல் வேண்டும். ‘எனில்’ என்று அடித்தால் வரும் துணுக்கில், ‘இந்நிலை மெய்யெனில் இப்பணியைச் செய்க’ என்று குறிப்பு இருக்குமானால், தமிழ்வழி பயிலும் மாணவன் அயன்மொழிச் சொல்லை நெட்டுருப் போடான். கருத்தைப் பற்றிக்கொண்டு மேலேறுவான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒருங்குகுறியில் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கோ வெவ்வேறு. ‘ஒவ்வொன்றாய்’ என்று அழைப்புச் சொல் வைத்தால், ஒருவர் அடித்தது பொருந்தும். மற்றொருவர் அடித்தது பொருந்தாமற் போகலாம். ஒரே துணுக்குக்குப் பல அழைப்புச் சொற்களை இத்தொகுப்பி ஏற்பதால், இருவடிவையும் பதிந்து வைத்தல் நன்று. தமிழெழுத்தின் இயல்பறிந்தவனே இக்குறையைக் காண்பான். அறியாதவன் ‘தமிழ் கணிப்பொறிக்கு ஒத்துவராது’ என்று கைகழுவுவான்!

‘உலகம் முழுதும் ஆங்கிலத்தில் எழுத, நாம் மட்டும் ஒதுங்குவதா?’ என்பார் சிலர். ஒதுங்குமாறு யார் சொன்னார்? வந்து அமரும் நிரலுடல் உலகப் பொதுவானதே. தமிழால் அழைக்கப்பட்டதென்று அதன் ஓட்டம் குன்றாது. பன்னாட்டார் கூடி எழுதும் நிரலில் மாறிப்பெயரைப் பொதுமொழியில் வைத்துக்கொள்க. கற்கும் பருவத்திலோ தாய்மொழியே தலைவாயில்.

1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது மேடையும் ஏடுமே களங்கள். இன்று தொகுப்பியும் ஒரு களம். ஆங்கே தமிழ் இல்லையெனில், நாளை அறிவுத்தொழில் செய்யும் தமிழன் வீட்டில் ஒரு மொழியும் வினையில் ஒரு மொழியுமாய்ப் பிளவுண்டு நிற்பான். வினையை இழந்த மொழி அடுப்படியோடு ஒடுங்கும்.

ஆகவே, தமிழாசிரியர்களே, நிரலறிந்த இளைஞர்களே! ஊர்தோறும் இருவர் இருவராய் ஒருங்கமருங்கள். ஒருவர் சொல்லைத் தெரிக; மற்றவர் துணுக்கை யாக்குக. ‘எனில்’, ‘வரை’, ‘ஒவ்வொன்றாய்’ எனப் பத்துத் துணுக்குகளோடு தொடங்குக. அக்கோப்பைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையின்றி வழங்குக. நூறு தீர்மானங்களை நிறைவேற்றிக் கைதட்டுவதினும், மாணவன் ஒருவன் தமிழால் ஒரு நிரலை ஓட்டிக் காட்டுவதே மொழிக்கு ஆக்கம்.

செய்வோம், இன்றே செய்வோம்!