அப்பா, அம்மாவுக்கு வாக்கிங் மட்டும் போதுமா?

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டுக்கு போன் போட்டால் தவறாமல் கேட்பது, "மாத்திரை போட்டாச்சா?" கூடவே இதையும் கேட்கணும்: "கையை ஊன்றாம நாற்காலியில இருந்து எந்திரிக்க முடியுதாப்பா?"

விருதுநகர் மாவட்டம் ஆனைக்குட்டம் போன்ற ஊர்களில், "காலம் பூரா உழைச்ச உடம்பு, இதுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" என்ற பேச்சு சகஜம். உழைப்பு நிஜம்தான். ஆனால் திரி சொருகுவது, தீப்பெட்டி ஒட்டுவது எல்லாம் உட்கார்ந்தே செய்யும் வேலை. கை ஓயாது; தொடைத் தசைக்கு வேலையே இருக்காது.

வயது ஏற ஏற தசை கரையும். கால் பலம் போனால் பாத்ரூமில் ஒரு தடுமாற்றமே இடுப்பு எலும்பை முறிக்கலாம்.

போன பலம் திரும்புமா? திரும்பும். பாஸ்டனில் சராசரி 90 வதுள்ள 10 பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த 9 பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆய்வு வெளியானது 1990-ல்.

65 வயது தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது: வாரத்துக்கு 150 நிமிடம் நடை போன்ற பயிற்சி, 2 நாள் தசைப் பயிற்சி, 3 நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி. வாக்கிங் அதில் ஒரு பகுதிதான்.

ஜிம் தேவையில்லை. நாற்காலியில் 10 தடவை உட்கார்ந்து எழலாம். சுவரைப் பிடித்து குதிகாலைத் தூக்கி இறக்கலாம். பிரஷர், மூட்டுவலி இருந்தால் டாக்டரிடம் கேட்டுத் தொடங்கணும். 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு.

"நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்பது பாசம்தான். எழுந்து நடக்க வைப்பது அதைவிடப் பெரிய பாசம்.