பந்து கண்ணில் பட வேண்டாமா?

அர்ஜென்டினா வீரர் மெஸ்சி 2025 டிசம்பர் 13-ந் தேதி கொல்கத்தா வந்தார். சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஜனங்கள் குவிந்தார்கள். டிக்கெட் விலை ஆயிரக்கணக்கில்! மெஸ்சி மைதானத்தில் நின்றது அரை மணி நேரம்கூட இல்லை. அந்த நேரத்திலும் பிரமுகர்களும் போட்டோ பிடிக்க வந்தவர்களும் அவரைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். காலரியில் இருந்தவனுக்கு அவர் தலைமுடிகூடத் தெரியவில்லை.

அப்புறம் என்ன? பாட்டில் பறந்தது. நாற்காலி பறந்தது. நிகழ்ச்சி அமைப்பாளர் கைதானார். முதல்-அமைச்சராக இருந்த மம்தா பானர்ஜி மன்னிப்புக் கேட்டார்.

நாற்காலியை உடைத்தது தப்பு. ஆனால், காசு வாங்கியவர்கள் எதை விற்றார்கள்? அதே நாள் மாலை ஐதராபாத்திலும் மெஸ்சி வந்தார். மைதானத்தைச் சுற்றி வந்தார், பந்தைக் காலரிக்குள் உதைத்தார். கலாட்டா இல்லை. ஆள் ஒருவர்தான். ஏற்பாடுதான் வேறு.

சால்ட் லேக் லேசுப்பட்ட ஸ்டேடியம் அல்ல. 1984-ல் திறந்தது. 1997 ஜூலை 13-ல் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய பெடரேஷன் கோப்பை அரை இறுதிக்கு அங்கே 1 லட்சத்து 31 ஆயிரம் பேர் கூடினார்கள். பாய்ச்சுங் பூட்டியா 3 கோல் போட்ட ஆட்டம் அது. முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். 2017-ல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை வந்தபோது தனித்தனி நாற்காலி போட்டார்கள். இடம் 70 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இறங்கட்டுமே! கொல்கத்தாக்காரர்களுக்கு நெரிசல் என்றால் என்னவென்று தெரியும். 1980 ஆகஸ்டு 16-ல் ஈடன் கார்டனில் இதே இரண்டு அணிகளும் ஆடியபோது தகராறில் 16 ரசிகர்கள் செத்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை.

நம் பக்கம் வருவோம். சென்னை நேரு ஸ்டேடியம் 1993-ல் வந்தது. பெரிய ஸ்டேடியம்தான். ஆனால் பந்து ஆடும் இடத்தைச் சுற்றி ஓட்டப் பந்தயத் தடம் இருக்கிறது. ஓடுகிறவனுக்கு நல்லது, பார்க்கிறவனுக்குத் தூரம். கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தவன், எதிர்ப்பக்கம் விழுந்த கோலைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2019-ல் சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தை வென்ற கோவை நேரு ஸ்டேடியத்திலும் அதே தடம், அதே தூரம்.

பந்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமா? மலப்புரம் போக வேண்டும். அங்கே ‘செவன்ஸ்’ என்று அணிக்கு 7 பேர் ஆடுகிற ஆட்டம். அறுவடை முடிந்த வயலில்கூட தற்காலிக காலரி கட்டிவிடுவார்கள். கோட்டுக்குப் பக்கத்திலேயே ஜனம். ஆடுகிறவன் மூச்சு விடுவதுகூடக் காதில் விழும். எந்த ஸ்டேடியத்திலும் கிடைக்காத சுகம்! ஆனால் 2022 மார்ச்சில் காளிகாவு பக்கம் அப்படி ஒரு காலரி ஜனத்தோடு சரிந்தது. சுமார் 200 பேருக்குக் காயம். பக்கத்தில் உட்கார்ந்தால் பயம், பயமில்லாமல் உட்கார்ந்தால் தூரம். ரசிகன் பாடு இப்படி!

கூமாப்பட்டிப் பையன் ஒருவன் சென்னையில் ஆட்டம் பார்க்க ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ். ராத்திரி பூரா பயணம். பகலெல்லாம் சென்னையில் சுற்ற வேண்டும். ஐ.எஸ்.எல். ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 7.30-க்குத்தான் தொடங்கி வந்திருக்கின்றன. ஆட்டம் முடிய 9.30 ஆகும். ஊர் திரும்பும் பொதிகையோ 9 மணிக்குள் கிளம்பிவிடும்! இடைவேளையோடு எழுந்து ஓட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் சம்பளம் போச்சு. டிக்கெட் விலையைவிட இந்தச் செலவு பெரிசு.

அதனால்தான் உள்ளூர் மைதானம் முக்கியமாகிறது. சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டு அரங்கம் என்று தமிழக அரசு 2023-ல் திட்டம் போட்டது. முதலில் 10 தொகுதிகள், அரங்கம் ஒன்றுக்கு ரூ.3 கோடி. நல்ல திட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் எந்த அரங்கம் எழும்பினாலும், வரைபடம் போடும்போதே பார்க்க வருகிறவனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காலரியை மேற்குப் பக்கம் வையுங்கள். கிழக்கே வைத்தால், மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்வரை சாயங்கால வெயில் முகத்தில் அறையும். தண்ணீர்க் குழாய் வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம் வேண்டும், அதற்குத் தாழ்ப்பாளும் வேண்டும்! வெளியே போகிற வாசல் ஒன்றல்ல, நாலு. ஆட்டம் முடிவதற்கு முன்பே எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும். இந்தோனேசியாவில் 2022 அக்டோபரில் போலீசார் கண்ணீர்ப்புகை வீச, குறுகிய வாசல்களில் ஜனங்கள் சிக்கி 135 பேர் மாண்டார்கள்.

இன்னொன்று. ஆட்டம் முடிந்து அரை மணி கழித்து கூமாப்பட்டிக்கும் வத்திராயிருப்புக்கும் ஒரு பஸ். போக்குவரத்துக் கழகம் இதையும் இப்போதே குறித்துக்கொள்ளட்டும்.